புறூம் கடைத்தெரு: தகரத்தைக் காப்பதா, மனிதரைக் காப்பதா?

அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்ற பெயர்களைக் கேட்டதும் முத்துக்குளிப்பு எமது நினைவுக்கு வருகின்றது. அதே தொழிலால் உருவான வேறோர் ஊர் இந்து சமுத்திரத்தின் மறுகரையில் உள்ளது. அவுஸ்திரேலியாவின் வடமேற்கில், றோபக் விரிகுடாவின் ஓரத்தில், பேர்த் நகரிலிருந்து தரைவழியாக ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறூம் என்பதே அவ்வூர். 1883இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஆளுநராக இருந்தவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அந்த நிலத்துக்கு அதற்கு முன்னரும் பெயர் இருந்தது, மக்களும் இருந்தனர். அவர்கள் யாவூரு மக்கள்.

இவ்வூரின் நடுவே கண்டற்காட்டை ஒட்டி நாலைந்து தெருக்கள் உள்ளன. கார்ணாவன் வீதி, டாம்பியர் தெரு, நேப்பியர் தெரு, ஷோட் வீதி என்பன அவற்றுட் சில. அவற்றுக்கிடையே ஒடுங்கிய சந்துகளும் உண்டு. நெளிதகரச் சுவர், நெளிதகரக் கூரை, அகன்ற விறாந்தை, மரச்சட்டகம், அடைத்துத் திறக்கும் பலகை யன்னல் ஆகியவற்றுடன் கூடிய கடைகள் இங்கே வரிசையாக நிற்கின்றன. இப்பகுதியை இன்று ‘சைனாரவுண்’ என்று அழைக்கிறார்கள். சீனர் மட்டும் வாழ்ந்த இடம் அல்ல அது. யப்பானியர், மலாயர், திமோரின் குப்பாங் துறையிலிருந்து வந்தவர்கள், பிலிப்பைன்ஸ் நாட்டவர், இலங்கையர், ஆதிக்குடி மக்கள் எல்லாரும் தோளோடு தோள் உரசிய கடைத்தெரு அது. இதனைப் பாதுகாக்கவேண்டும் என்பதில் இன்று எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதைப் பாதுகாப்பது என்பதில்தான் எமக்குக் கேள்வி இருக்கின்றது. கரையோரக் கிராமங்களில் வேலை செய்யும் எமது வாசகர்களுக்கும் இக்கேள்வி அந்நியமானதல்ல என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். மன்னார்க் கடலிற் பிடித்தது முத்துக்காகவே பிடித்த சிறு சிப்பி. புறூமிற் பிடித்தது உணவுத்தட்டு அளவான பெருஞ்சிப்பி. அங்கே முத்து ஓர் அதிர்ஷ்டம் மாத்திரமே. வியாபாரம் சிப்பி ஓட்டில் இருந்தது. ஓட்டைத் தொன் கணக்கில் இலண்டனுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சட்டைப் பொத்தான்கள் அதிலிருந்து வெட்டப்பட்டன. ஒரு கனவானின் சட்டையில் இருந்த ஐந்தாறு பொத்தான்களுக்காக உலகின் மறுகோடியில் மனிதர் கடலடியில் நடந்தனர். 1910ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 400 ‘லகர்’ படகுகள் புறூமிலிருந்து தொழிலுக்குப் போயின.

இத்தொழிலின் தொடக்கம் மிகவும் கறைபடிந்தது. முதலில் கடலில் இறக்கப்பட்டவர்கள் ஆதிக்குடி மக்கள். அவர்களைக் காட்டிலும் கரையிலும் பிடித்து, சங்கிலியிட்டுக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்து முக்குளிக்கச் செய்தனர். பெண்களும் அதற்குத் தப்பவில்லை. கர்ப்பிணிகளும் இறக்கப்பட்டனர் என்பது பதிவான வரலாறு. 1870களில் இதைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் வந்தன. ஆயினும் தொலைதூரக் கரையில் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கவில்லை. கரையருகே சிப்பி தீர்ந்து ஆழத்துக்குப் போகவேண்டிவந்தபோது, 1880களில், செம்புத் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் வந்தன. அவற்றோடு ஒப்பந்தக் கூலிமுறையும் வந்தது. யப்பானின் வாக்கயாமாப் பகுதி மீன்பிடிக் கிராமங்களிலிருந்தும் மலாய்த் தீவுகளிலிருந்தும் இளைஞர் வந்து இறங்கினர்.

மன்னாரிலே சுழியோடிக்குச் சம்பளம் இல்லை, பங்கு உண்டு. கொட்டிலே சிப்பி மூன்றாகப் பிரிக்கப்படும். அரசாங்கத்துக்கு இரண்டு, குளித்தவர் பக்கத்துக்கு ஒன்று. ஏலம் முடிந்ததும் அவன் யாருக்கும் கடமைப்பட்டவன் அல்லன். புறூமிலே ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவன் சம்மாட்டியின் ஆள். முடிந்ததும் நாட்டைவிட்டுப் போய்விடவேண்டும். படகு வைத்திருக்கும் உரிமை ஆசியர்களுக்கு மறுக்கப்பட்டது. அதனால் வெள்ளையர் ஒருவரின் பெயரில் படகை எழுதிவைத்து யப்பானியர் ஓட்டினார்கள். எமது நாட்டிலும் பினாமி வியாபாரத்துக்குக் குறைவில்லை. ஆகவே வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

1901இல் அவுஸ்திரேலியா ஒரே நாடாக இணைந்ததும் வெள்ளையரல்லாதோர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. முத்துத் தொழிலுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. காரணம் கருணை அல்ல. அந்த வேலையை வெள்ளையர் செய்யமுடியவில்லை, அவ்வளவுதான். செய்யமுடியும் என்று காட்ட 1912இல் பிரித்தானியச் சுழியோடிகள் சிலர் அழைத்துவரப்பட்டனர். அவர்களிற் சிலர் இறந்தார்கள், ஏனையோர் வேலையை விட்டார்கள். முயற்சி அத்துடன் கைவிடப்பட்டது. இறப்பது ஆசியராக இருக்கும்வரை அது தொழிலின் இயல்பு என்று கருதப்பட்டது. புறூமின் யப்பானிய மயானத்தில் 707 கல்லறைகளில் 919 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஆழத்திலிருந்து விரைவாக மேலேறும்போது குருதியில் காற்றுக் குமிழி உண்டாகி வரும் வாதநோயும் சூறாவளியும் அவர்களிற் பெரும்பாலானோரைக் கொண்டுபோயின. 1887இலும் 1935இலும் வீசிய சூறாவளிகள் ஒவ்வொன்றிலும் 140 பேரளவில் மாண்டனர்.

இப்போது கடைத்தெருவுக்கு வருவோம். அது எப்படி உண்டாயிற்று? சூறாவளி வரும் மாதங்களில் படகுகள் கடலுக்குப் போவதில்லை. டாம்பியர் கழிமுகத்தின் கண்டல்களுக்கிடையே அவற்றை ஒதுக்கிச் சேற்றில் சாய்த்துவிட்டு, ஆயிரக்கணக்கான ஆண்கள் கரையேறுவர். கையிற் கொஞ்சம் காசு, மீதி கடன். அவர்களுக்குச் சாப்பாடு வேண்டும், படுக்க இடம் வேண்டும், தலைமயிர் வெட்டவேண்டும், ஊருக்குக் கடிதம் எழுதவேண்டும், சூதாடவும் வேண்டும். யப்பானியர் தங்குவிடுதிகளும் குளிப்பறைகளும் நடத்தினர். சீனர் தையற்கடை, பலசரக்குக் கடை, நூடில்ஸ் கடை வைத்தனர். வெள்ளையர் சற்று மேட்டுநிலத்தில், காற்றோட்டமான வீடுகளில் வாழ்ந்தனர். சேற்றுக்கும் நுளம்புக்கும் அருகிலிருந்த தாழ்ந்த நிலமே மற்றவர்களுக்கு மிஞ்சியது.

சுருங்கச் சொன்னால், இன்று பல்லினக் கலாசாரத்தின் அழகு என்று பாராட்டப்படும் இத்தெரு ஒதுக்கிவைத்தலின் விளைவாகும். இதை ஏற்றுக்கொள்ளாமல் செய்யப்படும் எந்தப் பாதுகாப்பும் அரைகுறையானதே என்பது எமது கருத்து.

கார்ணாவன் வீதியிலுள்ள ‘சண் பிக்சேர்ஸ்’ படமாளிகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யமசாக்கி என்ற யப்பானியக் குடும்பத்தின் கடையாக இருந்த கட்டிடம் அது. 1916 டிசெம்பரில் அது திறந்தவெளிப் படமாளிகையாயிற்று. இன்றும் அங்கே படம் ஓடுகின்றது. உலகில் இன்றுவரை இயங்கும் மிகப் பழைய திறந்தவெளிப் படமாளிகை என்ற பெருமையும் அதற்கு உண்டு. விமானநிலையம் அருகில் இருப்பதால் படம் ஓடும்போது விமானம் தலைக்கு மேலாகத் தாழ்ந்து பறக்கும். புறூமில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே 10 மீற்றர் வரை வேறுபாடு உண்டு. பெரும்பெருக்கு நாட்களில் கழிமுகத்து நீர் படமாளிகைக்குள் ஏறிவிடும். பார்ப்போர் காலைத் தூக்கிக்கொண்டு படம் பார்த்த கதைகளை இன்றும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார்கள். 1974இல் அணை கட்டிய பின்னரே அது நின்றது.

சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனால் அதே படமாளிகையில் யார் எங்கே உட்காரவேண்டும் என்று ஒழுங்கு இருந்தது. நல்ல ஆசனங்கள் நடுவில் வெள்ளையருக்கு. ஆசியர்களுக்கு வேறு இடம். ஆதிக்குடி மக்கள் வேறு வாயிலால் வந்து வேறு பக்கத்தில் உட்காரவேண்டும். பல தசாப்தங்களாக இவ்வழக்கம் நிலவியது. தண்ணீர் ஏறியபோது எல்லாருடைய காலும் நனைந்தது உண்மை. அதைச் சொல்லும் வாய் இதையும் சொல்லவேண்டும் என்றே நாம் கேட்கிறோம். வாயில்கள் எவை, வரிசைகள் எவை என்பதை நேரில் அனுபவித்தவர்கள் இன்னும் புறூமில் இருக்கிறார்கள். அவர்கள் காலம் முடிவதற்குள் அவர்கள் வாயாலேயே அதைப் பதிவுசெய்வது, ஒரு சுவருக்குப் புதுத் தகரம் அடிப்பதைவிட அவசரமான பாதுகாப்பு வேலை.

இன்னொன்றையும் மறைக்கமுடியாது. 1905ஆம் ஆண்டின் ஆதிக்குடியினர் சட்டம், முத்துப் படகுகள் ஒதுங்கும் கழிமுகத்திலிருந்து இரண்டு மைல் தூரத்துக்குள் சூரியன் மறைந்தபின் ஆதிக்குடிப் பெண் எவரும் காணப்படுவதைக் குற்றமாக்கியது. ஆசியர்களுக்கும் அப்பெண்களுக்கும் இடையே குடும்பங்கள் உண்டாவதைத் தடுப்பதே நோக்கம். ஆனால் குடும்பங்கள் உண்டாகத்தான் செய்தன. இன்று புறூமில் சீனப் பெயரும் யப்பானியப் பாட்டனும் ஆதிக்குடித் தாயும் உள்ள குடும்பங்கள் ஏராளம். அத்தகைய குடும்பமொன்றிற் பிறந்தவர்தான் ஜிம்மி சீ. சீன, யப்பானிய, ஸ்கொத்லாந்து, ஆதிக்குடி வழிகள் எல்லாம் அவரிற் கலந்திருந்தன. அவர் எழுதிய இசைநாடகம் 1990இல் பேர்த்தில் மேடையேறி நாடெங்கும் புகழ்பெற்றது. 2017இல் அவர் காலமானார். அவர் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய சந்து ஒன்று கடைத்தெருவில் இன்றும் உண்டு. அரசாங்கம் உண்டாகக்கூடாது என்று சட்டம் போட்ட குடும்பமே பின்னாளில் ஊரின் பெருமை ஆயிற்று.

திருச்சபைக்கும் இதிற் பங்கு உண்டு, இரு வகையிலும். 1895இல் நிக்கொலஸ் ஏமோ என்ற ஸ்பானியத் துறவி புறூமுக்கு வந்து, யாரும் கவனியாதிருந்த பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கச் சுழியோடிகள் மத்தியில் பணிசெய்தார். அவர்களோடு அவர்கள் மொழியிற் பேசிப் பழகிய குருவானவர் அவர். அதே பிரதேசத்தில், ஊருக்கு வடக்கே பீகிள் விரிகுடாவில் சிப்பி ஓடுகளால் அழகுசெய்த பீடத்தையுடைய தேவாலயம் ஒன்று உள்ளது. பார்ப்பவர் வியந்து நிற்பார்கள். பெற்றோரிடமிருந்து அரசாங்கம் பிரித்தெடுத்த கலப்பினப் பிள்ளைகள் அங்கேதான் கொண்டுபோய் வளர்க்கப்பட்டார்கள். அன்பாக வளர்த்தவர்களும் இருந்தார்கள். தாயை இழந்ததை அன்பு ஈடுசெய்யவில்லை என்பதையும் அப்பிள்ளைகளே பின்னாளிற் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாரும் ஒன்றாகக் கூடி மகிழ்ந்தார்கள் என்று இத்தெருவைப் பற்றி எழுதுவதும் பிழை. 1920 டிசெம்பரில் யப்பானியருக்கும் குப்பாங்கருக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டு பல நாட்கள் நீடித்தது. சிலர் உயிரிழந்தனர். அடிமட்டத்தில் இருப்பவர்கள் தம்முள் மோதிக்கொள்வதும் மேலே இருப்பவர்கள் அதைக் கண்டு தலையசைப்பதும் நாம் அறியாத காட்சி அல்ல.

அப்புறம் யுத்தம் வந்தது. 1941 டிசெம்பரில், புறூமிலே பல்லாண்டுகள் கடை நடத்திய யப்பானியரும் நேற்று வந்த ஒப்பந்தக் கூலியும் வேறுபாடின்றிக் கைதுசெய்யப்பட்டுத் தடுப்புமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 1942 மார்ச் 3இல் யப்பானியப் போர்விமானங்கள் புறூமைத் தாக்கின. விரிகுடாவில் நின்ற கடல்விமானங்களுக்குள் இருந்த டச்சு அகதிகள், பெண்களும் பிள்ளைகளுமாக, பெருந்தொகையினர் மாண்டார்கள். குறைந்தது 88 பேர். யுத்தம் முடிந்தபின் கடைத்தெரு முன்னைய கடைத்தெருவாக இருக்கவில்லை. சென்ற யப்பானியக் கடைக்காரரிற் பலர் திரும்பவேயில்லை. 1953இல் யப்பானியச் சுழியோடிகள் சிலர் மீண்டும் வந்தனர். ஆனால் அதற்குள் பிளாஸ்ரிக் பொத்தான் வந்துவிட்டது. சிப்பி ஓட்டுக்கு விலை விழுந்தது. 1956இல் வடக்கே குறி விரிகுடாவில் தொடங்கிய வளர்ப்பு முத்துத் தொழில்தான் ஊரைத் தாங்கியது.

வறுமைக்கு ஒரு நன்மை உண்டு. இடித்துக் கட்டப் பணம் இல்லாதபடியால் பழையன தப்பின. 1970களின் இறுதியில் அங்கே வந்த பிரித்தானியச் செல்வந்தர் ஒருவர் கண்டது அப்படித் தப்பி நின்ற தெருவைத்தான். அவர் மக்கல்பைன் பிரபு. மாகிரட் தட்சரின் கட்சியில் பொருளாளராக இருந்தவர். அவர் படமாளிகையை வாங்கிப் புதுப்பித்தார். பழைய வீடுகளை வாங்கித் திருத்தினார். கடற்கரையில் பெரிய விடுதி கட்டினார். புறூமின் தகரமும் விறாந்தையும் அழகு என்று ஊர்மக்களுக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர் என்று பலர் கூறுவர். 1989இல் விமானிகளின் வேலைநிறுத்தத்தால் சுற்றுலா படுத்தபோது அவருடைய முயற்சிகளும் படுத்தன. அவர் செய்த நன்மையை நாம் மறுக்கவில்லை. அவர் இல்லாவிட்டால் சில கட்டிடங்கள் இன்று இருக்கமாட்டா. ஆயினும் ஓர் ஊரின் மரபு ஒரு செல்வந்தரின் ரசனையிலும் அவருடைய வங்கிக் கணக்கிலும் தங்கியிருப்பது ஆபத்தானது. அவர் போனதும் அவர் வாங்கிய சொத்துகள் வேறு கைகளுக்குப் போயின. ஊராரின் கைக்கு அல்ல.

அந்தக் காலத்திலிருந்து ‘புறூம் பாணி’ என்று ஒன்று உருவாயிற்று. புதிய கட்டிடம் கட்டினாலும் தகரமும் பின்னற்பலகையும் விறாந்தையும் வைக்கவேண்டும் என்பது எழுதியும் எழுதாமலும் விதியாயிற்று. இது நல்லதா? ஓரளவுக்கு நல்லது. கட்டிடங்கள் தென்னைக்கு மேலே எழவில்லை, தெருவில் நிழல் இருக்கிறது, கொங்கிறீற் பெட்டிகள் வரவில்லை. ஆனால் உள்ளே குளிரூட்டியும் வெளியே தகரமும் வைத்த வங்கிக் கட்டிடம் பழமையைப் பாதுகாக்கவில்லை. அது நாடகத்தின் பின்திரை.

தகரத்தைப் பற்றி ஒரு விடயத்தைப் பாதுகாப்பு நிபுணர்கள் சிலர் மறந்துவிடுவதுண்டு. உப்புக்காற்றில் தகரம் துருப்பிடிக்கும். சட்டத்தைக் கறையான் தின்னும். சூறாவளி கூரையைக் கொண்டுபோகும். ஆகவே இக்கடைகளின் சுவர்கள் எக்காலத்திலும் மாற்றப்பட்டுக்கொண்டே வந்தவை. நூறாண்டுத் தகரம் என்று அங்கே தேடினால் சிறு துண்டுகளே கிடைக்கும். கற்கோயிலுக்குச் செய்வது போன்ற பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது. மாறாமல் நின்றவை வேறு. தெருவின் அகலம், சந்துகளின் வளைவு, கடைக்குப் பின்னால் வீடு என்ற ஒழுங்கு, விறாந்தையில் உட்கார்ந்து பேசும் வழக்கம், ஒரே தெருவில் பல மொழியில் விலை பேசும் சத்தம். எமது கிராமங்களில் ஓலைவீடு வருடாவருடம் வேயப்படுகின்றது, ஆனால் அது பாட்டன் கட்டிய வீடுதான். வேய்பவர் அவ்வீட்டுக்காரராக இருக்கும்வரை அப்படிச் சொல்லலாம்.

புறூமிலே இன்று வேய்பவர் யார்? டாம்பியர் தெருவில் வரிசையாக நிற்பன முத்து நகைக்கடைகள். ஒரு மாலையின் விலை அங்குள்ள குடும்பமொன்றின் பலமாத வருமானமாக இருக்கலாம். குளிர்காலச் சுற்றுலாப் பருவத்தில் தெரு நிறைந்திருக்கும். மழைக்காலத்தில் வெறிச்சோடும். நூடில்ஸ் கடையும் தையற்கடையும் பருவம் பார்த்து வாழ்ந்தவை அல்ல. அவை ஊராருக்காக இருந்தவை. பாதுகாக்கப்பட்டதாலேயே தெருவின் மதிப்பு உயர்கின்றது. மதிப்பு உயர்ந்தால் வாடகை உயரும். வாடகை உயர்ந்தால், எந்தக் குடும்பங்களின் நினைவுக்காகத் தெரு பாதுகாக்கப்பட்டதோ அவர்கள் அங்கே ஒரு தேநீர்க்கடைகூட வைக்கமுடியாது. மரபுப் பாதுகாப்பே வெளியேற்றும் கருவியாக மாறும் இந்த நிலை புறூமுக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் இவ்வளவு சிறிய ஊரில் அது தெளிவாகத் தெரிகின்றது.

மேற்கு அவுஸ்திரேலியாவில் 1990இலிருந்து மரபுரிமைச் சட்டம் உண்டு. 2018இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறியது. படமாளிகை போன்ற கட்டிடங்கள் மாநிலப் பதிவேட்டில் உள்ளன. சொந்தக்காரர் நினைத்தபடி இடிக்கமுடியாது. இது பெரிய காப்பு. எனினும் பதிவேடு சுவரைக் காக்குமே தவிர, அதற்குள் நடக்கும் தொழிலையோ அங்கே வாழ்பவரையோ காக்காது. 2010களின் பிற்பகுதியில் மாநில அரசாங்கமும் புறூம் உள்ளூராட்சிச் சபையும் பெருந்தொகைப் பணத்தில் கடைத்தெருவைப் புத்துயிர்ப்பிக்கும் திட்டமொன்றைத் தொடங்கின. நடைபாதை, நிழல்மரம், விளக்கு, தெருவை அழகுபடுத்தல் என்று வேலைகள் நடந்தன. நிழல்மரம் நல்லதே. அந்த வெயிலுக்கு அது தருமம். ஆனால் அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சபையே இரண்டு மூன்று கடைகளை வாங்கி, பழைய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் யாவூரு மக்களின் சிறுதொழில்களுக்கும் குறைந்த வாடகைக்கு நீண்டகாலக் குத்தகையாகக் கொடுத்தால், அது பத்து நடைபாதைகளுக்குச் சமம் என்போம். சந்தைக் கட்டிடங்களைச் சபையே வைத்திருந்து கடைகளைக் குத்தகைக்கு விடுவது எமது பிரதேச சபைகளுக்குப் பழக்கமான வேலை. அதிலுள்ள ஊழலும் எமக்குப் பழக்கம்தான். இருந்தாலும் முறை தவறானது அல்ல.

யாவூரு மக்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ‘சைனாரவுண்’ என்ற பெயரிலேயே அவர்கள் இல்லை. நீண்ட வழக்கின் பின் 2006இல் நீதிமன்றம் அவர்களுடைய நில உரிமையை ஏற்றுக்கொண்டது. 2010இல் அரசாங்கத்தோடும் சபையோடும் உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. இன்று அவர்களுடைய நிறுவனம் ஊரின் முக்கிய நிலச்சொந்தக்காரர்களில் ஒன்று. கடைத்தெருவை எப்படி வைத்திருப்பது என்ற பேச்சில் அவர்களைக் கடைசியாக அழைத்து, தொடக்கவிழாவில் வரவேற்புரை நிகழ்த்தச் சொல்வது போதாது. கண்டற்காடும் கழிமுகமும் அவர்களுடைய மீன்பிடி நிலம். கடைத்தெருவின் பின்வாசல் அதுதான். கடைத்தெருவை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் பாதுகாத்து, கழிமுகத்தில் நகரத்து மழைநீரோடு அழுக்கையும் விடுவது எந்தவகையான பாதுகாப்பு?

இனி, நாம் ஏன் இதைப் பேசுகிறோம் என்பதற்கு இன்னொரு காரணம். அக்கடைத்தெருவில் எம்மவரும் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புறூமில் ரி. பி. எலிஸ் என்ற இலங்கைச் சிங்களவர் முத்துச் சீர்செய்பவராகப் புகழ்பெற்றிருந்தார். முத்து வெங்காயம்போல அடுக்கடுக்காக உருவாவது. மேல் அடுக்கில் கறை இருந்தால் நுண்ணிய கத்தியால் அதை உரித்தெடுக்கலாம். கீழே குறையற்ற பளபளப்பு வந்தால் விலை பன்மடங்கு, வராவிட்டால் கையில் தூசு. எங்கே நிறுத்துவது என்று அறிவதுதான் வித்தை. சம்மாட்டிகள் எல்லாரும் தங்கள் முத்தை அவரிடம் கொண்டுவந்து மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தார்களாம். வெள்ளையர் ஆட்சிசெய்த ஊரில் ஓர் இலங்கையரின் விரல் நுனியில் அவர்களுடைய செல்வம் நின்றது. அயன் இட்றியெஸ் என்ற எழுத்தாளர் 1937இல் வெளியிட்ட புறூம் பற்றிய நூலிலும் இவர் இடம்பெறுகின்றார். இலங்கைப் பாடநூல்களில் இவரைப் பற்றி ஒரு வரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எமது பக்கத்தில் என்ன மிஞ்சியது? 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அக்காலத்தில் மறிச்சுக்கட்டி மணலில் ஓலையாலும் தடியாலும் ஒரு நகரமே எழும்பும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகள் வருவார்கள். சுறாவின் வாயைக் கட்டும் கடற்கட்டிகள் வருவார்கள், நீதிமன்றம் வரும், வைத்தியசாலை வரும், கடைவீதி வரும். சில வாரங்களில் குளிப்பு முடிந்ததும் நகரம் கலைந்துவிடும். அடுத்த ஆண்டில் வெள்ளைக்காரக் கொம்பனி ஒன்றுக்குக் கடல் 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே கொம்பனி நொடித்தது. 1925க்குப் பின் அங்கே பெருங்குளிப்பு நடைபெறவில்லை. அரிப்பில் ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகை, ஊரார் அல்லிராணிக் கோட்டை என்று அழைப்பது, கடலரிப்பில் இடிந்துகொண்டிருக்கிறது. மறிச்சுக்கட்டி மக்கள் 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் அனைவரோடும் வெளியேற்றப்பட்டார்கள். 2009க்குப் பின் திரும்பியவர்கள் காடாகிக் கிடந்த காணிகளைத் தேடவேண்டியிருந்தது.

புறூமிலே தகரமாவது நின்றது. இங்கே ஓலை போயிற்று, மனிதரும் ஒருமுறை போய்வந்தார்கள். எமது பக்கத்தில் பாதுகாக்கத் தெரு இல்லை. சொற்கள் இருக்கின்றன. கொட்டு, சம்மாட்டி, கடற்கட்டி, பார் என்ற சொற்களும் ஒவ்வொரு பாருக்கும் மீனவர் வைத்த பெயர்களும் இருக்கின்றன. அவற்றைப் பாட்டன்மாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள் சிலாவத்துறையிலும் அரிப்பிலும் கொண்டச்சியிலும் இன்று முதியவர்கள். கத்தோலிக்கரும் முஸ்லிம்களுமாக அவர்களை ஒரே விறாந்தையில் உட்காரவைத்துக் கேட்கலாம். பங்கின் இளைஞர் மன்றமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்தால் ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் சில சனிக்கிழமைகளும் போதும். கிடைப்பதை எழுதி அனுப்பினால் அடுத்த இதழ்களில் வெளியிட இடம் ஒதுக்குவோம்.